நெடுந்தூர லாரி ஓட்டுநருக்கு நினைவு மலர்: நடைக்கணக்கு நோட்டுகளை எப்படிப் படிப்பது?

கேள்வி: மலர்க்குழு

வணக்கம்ங்க. சங்ககிரிப் பக்கம் 1979 முதல் 2016 வரை லைன் வண்டி ஓட்டிய ஒரு பெரியவருக்கு முதலாம் ஆண்டு நினைவு நாளில் 48 பக்க மலர் வெளியிடுகிறோம். அவர் அதிகம் போனது சேலம்–இந்தூர். போகும்போது ஜவ்வரிசி, வரும்போது நாமக்கல் தீவன ஆலைகளுக்குச் சோயாப் புண்ணாக்கு. வீட்டில் மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மகன்.

குடும்பத்தார் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவை: புத்தக வடிவ லைசென்ஸ் ஒன்று, பிற்பாடு வந்த அட்டை லைசென்ஸ் ஒன்று, 1986 முதல் 2003 வரை விட்டுவிட்டு 14 பாக்கெட் நோட்டு, அறுபதுக்கு மேல் இன்லாண்டு கடிதம், சுங்கச்சாவடிச் சீட்டு ஒரு கட்டு, தேதி போடாத லாரிப் படம் மூன்று, பம்ப் ஸ்டவ், தார்ப்பாய் ஊசி, டயர் லிவர்.

நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "சே–இந். ஜவ் 110. அட். டீ 190. டீ 4. டீ 190. எ.மே 2. மா. ஹா 3. ப. பாக்." இதை எப்படிப் படிப்பது? படங்கள் எந்தக் காலத்தவை என்று கண்டுபிடிக்க வழி உண்டா? அவர் மொத்தம் எவ்வளவு தூரம் ஓட்டியிருப்பார் என்று நேர்மையாகக் கணக்கிட முடியுமா? "ஓய்வறியா உழைப்பாளி, பாசமிகு தந்தை" என்று இரண்டு வரி போட்டு முடித்துவிட மனமில்லை. என்ன வேலை அது, அதைச் செய்துகொண்டே எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று பேரப்பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்.

பதில் 1: லாரி ஆபீஸ் கணக்கு

அந்த நோட்டை டைரி என்று நினைத்துப் படிக்காதீங்க. அது நடைக்கணக்கு, அதாவது ஒவ்வொரு பயணத்தின் வரவு செலவு. ஊர் திரும்பியதும் முதலாளியிடம் உட்கார்ந்து நடையை முடிக்கணும், அதுக்காக வழியிலேயே குறித்து வைத்தது. அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்தும் ஒரு தொகையையோ அளவையோ குறிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் சுருக்கம் தானாக அவிழும்.

"ஜவ் 110" மூட்டைக் கணக்கு. சேலம் ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ. 110 மூட்டை 9,900 கிலோ, ஆறு வீல் வண்டிக்கு ஏறக்குறைய முழு லோடு. "அட்" என்பது அட்வான்ஸ், லோடு ஏற்றியதும் புக்கிங் ஆபீஸ் கொடுக்கும் முன்பணம். டீசல், படி, வழிச்செலவு எல்லாம் அதிலிருந்துதான் போகும். "பாக்" என்பது வாடகைப் பாக்கி. சரக்கை இறக்கி, பார்ட்டியின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த எல்.ஆர். (லாரி ரசீது) நகல் ஆபீசுக்குத் திரும்பிய பிறகுதான் அது கைக்கு வரும். வடக்கே அந்தக் காகிதத்துக்குப் பில்டி என்று பேர், நோட்டில் "பில்" என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான். சரக்கை விடப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

"டீ" இரண்டு வகை. "டீ 190" டீசல், லிட்டரில். "டீ 4" டீக்காசு, ரூபாயில். சந்தேகம் வந்தால் டீசல் லிட்டரைக் கூட்டி, போன தூரத்தை அதால் வகுத்துப் பாருங்க. சேலம்–இந்தூர் ஒரு பக்கம் சுமார் 1,700 கிலோமீட்டர். ஆறு வீல் வண்டி லோடோடு லிட்டருக்கு 4 முதல் 5 வரை கொடுக்கும். 190 இரண்டு தடவை 380 லிட்டர், வகுத்தால் நாலரை. கணக்கு நிற்கிறது. இரண்டோ ஒன்பதோ வந்தால் எதையோ தப்பாகப் படித்திருக்கிறீங்க, அல்லது நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது.

"எ.மே 2" எடைமேடை இரண்டு தடவை. இதை ஒரு வரியில் விட்டுவிடாதீங்க, டிரைவரின் நாணயம் இங்கேதான் பரிசோதிக்கப்படும். கிளம்பும் ஊரில் டேங்க் நிறைய டீசலோடு எடை போட்டு, சேரும் ஊரில் டேங்க் காலியாக எடை போட்டால், ஒரு மூட்டை கூடக் குறையாமலே எடை குறையும். டீசல் லிட்டருக்கு சுமார் 830 கிராம். 200 லிட்டர் தீர்ந்திருந்தால் 166 கிலோ குறைவு, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மூட்டை ஜவ்வரிசி. அதை "ஷார்டேஜ்" என்று வாடகையில் பிடிக்க வருவார்கள். விவரம் தெரிந்த டிரைவர் சரக்கு இறக்கிய பிறகு அதே மேடையில் காலி வண்டியையும் எடை போடச் சொல்லி, நிகர எடையைச் சீட்டில் எழுதி வாங்குவார். "எ.மே 2" ஒரே ஊருக்கு எதிரே இருக்கிறதா பாருங்க. இருந்தால் அவர் இதைத் தவறாமல் செய்தவர்.

"மா" மாமூல். ரசீது இல்லாத செலவு. மலரில் நாகரிகமாக மாற்றி எழுதாதீங்க, அவர் எழுதியபடியே விடுங்க. "ஹா 3" ஹால்ட், மூன்று நாள் வண்டி நின்றது. லோடு கிடைக்காமலோ, இறக்க ஆள் இல்லாமலோ, வழி மறியலோ, மற்ற பக்கங்கள்தான் சொல்லணும்.

"ப" படி. சம்பளம் வேறு, படி வேறு. படி வழிச்சாப்பாட்டுக்கு. ஓட்டலில் சாப்பிட்டால் படி அங்கேயே தீரும், வண்டியிலேயே பொங்கித் தின்றால் மிச்சமாகும். அந்த மிச்சம்தான் வீட்டுக்கு வந்தது. பம்ப் ஸ்டவ் படத்தைத் தனியாகப் போடாமல் இந்தப் "ப" எழுத்துக்குப் பக்கத்தில் போடுங்க.

பதில் 2: காகிதமும் படமும்

சுங்கச்சாவடிச் சீட்டை இன்றைக்கே படம் எடுங்கள். அது வெப்பத்தாளில் அச்சான சீட்டு, வருடாவருடம் வெளுக்கும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும். பலர் இப்படித்தான் இழக்கிறார்கள். இன்லாண்டு கடிதத்தை மடிப்பு நீக்கி, மேலே ஒரு கண்ணாடி வைத்து, 600 புள்ளி அடர்த்தியில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்ட வேண்டாம், அதன் பசை பின்னால் மஞ்சளாக ஊறும். முகவரிப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள், தபால் முத்திரை அங்கேதான் இருக்கிறது. எந்த ஊரில் எந்தத் தேதியில் பெட்டியில் போட்டார் என்று முத்திரை சொல்லும். அதை நோட்டோடு பொருத்தினால் நோட்டில் தேதி விட்டுப்போன நடைகளுக்கும் தேதி கிடைக்கும்.

லைசென்ஸ் புத்தகத்தில் ஒவ்வொரு புதுப்பித்தல் முத்திரையையும் வரிசையாக எழுதுங்கள். கனரக லைசென்ஸை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது (இப்போது ஐந்து, அது 2019இல் வந்தது). முத்திரைத் தேதிகளில் அவர் ஊரில் இருந்திருக்கிறார் என்று பொருள், குடும்பக் காலவரிசைக்கு இவை உறுதியான ஆணிகள். வண்டி வகை "எச்.டி.வி." அல்லது "எச்.ஜி.வி." என்று இருந்து, பிறகு "டிரான்ஸ்போர்ட்" என்று மாறியிருக்கும். 1994 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டு வகைகள் ஒன்றாக்கப்பட்டதன் விளைவு அது, அவர் புதிதாக ஒரு தேர்வு எழுதியதாக எண்ணிவிட வேண்டாம். அபாயப் பொருள் ஏற்ற அனுமதி குறிக்கப்பட்டிருந்தால் கேஸ் அல்லது எண்ணெய் டேங்கரும் ஓட்டியிருக்கலாம். அந்த அனுமதி அப்போது வருடந்தோறும் பயிற்சி முடித்துப் புதுப்பிக்க வேண்டியது.

படங்களுக்கு வருவோம். முதலில் நம்பர் பிளேட். மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால் வண்டி 1989 ஜூலைக்கு முன் பதிவானது. டி.என். 28 (நாமக்கல்), 34 (திருச்செங்கோடு), 52 (சங்ககிரி) போல ஆர்.டி.ஓ. அலுவலக எண் இருந்தால் அதற்குப் பிந்தையது. ஆனால் அது வண்டியின் வயது, படத்தின் வயது அல்ல. பழைய நம்பர் வண்டிகள் பல வருடம் ஓடின.

அடுத்து நிறம். பாடி சருகு நிறத்தில் இருந்து ஓரத்தில் அகலமான வெள்ளைப் பட்டை ஓடினால் அது நேஷனல் பர்மிட் வண்டி. விதியில் பட்டையின் அகலமே 30 சென்டிமீட்டர் என்று இருந்தது, பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் "நேஷனல் பர்மிட்" என்று எழுத வேண்டும். நேஷனல் பர்மிட் திட்டம் 1975இல் தொடங்கியது, ஆகவே 1979இல் ஓட்டவந்தவர் முதல் வண்டியிலேயே மாநிலம் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய பர்மிட்டில் எந்தெந்த மாநிலம் போகலாம் என்று பேர் பேராகக் குறிக்கப்பட்டிருக்கும். 2010 மே மாதத்திலிருந்துதான் ஒரே கட்டணத்தில் நாடு முழுவதும் என்றானது.

பழைய ஆவணங்களில் அவர் முகவரி "நாமக்கல் வட்டம், சேலம் மாவட்டம்" என்று இருந்தால் திருத்தாதீர்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1இல்.

மலர்க்குழு:

மிக்க நன்றிங்க. எ.மே 2 இந்தூருக்கு எதிரே இருக்கிறது, குறைந்தது ஆறு நடைகளில். இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, 1996 நோட்டில் "ஜவ் 165" என்று நாலைந்து நடை. இரண்டு, 1991 டிசம்பரில் "ஹா 9", 1992 டிசம்பரில் "ஹா 6". மூன்று, படத்தில் இருக்கும் வண்டியின் முகப்பில் 1612 என்று இருக்கிறது, இது மாடலா?

பதில் 3: திருச்செங்கோடு பட்டறை

1612 மாடல் எண்தான். டாடா வண்டிப் பேரில் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, டன்னில். அடுத்த இரண்டு குதிரைத்திறன், பத்துப் பத்தாக. 1612 என்றால் வண்டியும் சரக்கும் சேர்த்து 16 டன், சுமார் 120 குதிரைத்திறன். 1210 என்றால் 12 டன். 2515 பத்து வீல், 25 டன். அசோக் லேலண்டின் 1616, 2214 எல்லாம் இதே போலத்தான். அவர் ஓட்டிய வண்டிகளின் எண்ணை வரிசையாகப் போட்டாலே 37 வருடத்தில் பாரம் எப்படி ஏறியது என்று தெரிந்துவிடும்.

பாடி கட்டிய 1612 காலியாக 6 டன் வரும். மிச்சம் 10 டன், அதாவது 110 மூட்டை. 165 மூட்டை என்றால் 14,850 கிலோ, கிட்டத்தட்ட 5 டன் ஓவர்லோடு. அந்தக் காலத்தில் இது எல்லா லைனிலும் நடந்தது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டித்து உத்தரவு போட்ட பிறகுதான் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது. மலரில் இதை மறைக்காதீங்க. எத்தனை மூட்டை என்று தீர்மானிப்பது முதலாளியும் பார்ட்டியும். மலையில் இறக்கி ஓட்டுவது டிரைவர்.

5 டன் கூடினால் என்ன ஆகும் என்று எழுதுங்க. முதலில் பின் ஸ்பிரிங்கில் மெயின் பட்டை விடும் (உடையும்), பெரும்பாலும் சென்டர் போல்ட் துளை ஓரமாக. பட்டை விட்டால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்கு நகரும், வண்டி கோணலாக இழுக்கும், ஸ்டீயரிங்கில் அது கைக்குத் தெரியும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதிதான், அதனால் புதுப் பட்டை போட்டால் லோடோடு ஒரு 100, 200 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி யூ போல்ட்டை மறுபடி இறுக்கணும். பின்னால் ஜோடி டயரில் ஒன்றில் காற்று இறங்கினால் பார்வைக்குத் தெரியாது, பக்கத்து டயர் தாங்கி நிற்கும். ஆனால் இரண்டு பேர் சுமையை ஒன்று சுமந்து சூடேறி வெடிக்கும். அதுக்குத்தான் வண்டி நின்ற இடத்திலெல்லாம் கிளீனர் லிவரால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு போவது. காற்று சரியாக இருந்தால் லிவர் துள்ளித் திரும்பும், சத்தம் கணீர் என்று வரும். குறைந்திருந்தால் "பொத்" என்று இருக்கும். உங்கள் பெட்டியில் இருக்கிற லிவரின் ஒரு முனை மழுங்கி, பளபளவென்று இருந்தால் அது கழற்றியதால் மட்டும் வந்த தேய்மானம் இல்லை, தட்டித் தட்டி வந்தது.

தொப்பூர் கணவாயைப் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது அது இறக்கம். சோயா லோடோடு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு, வீடு கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வருகிற இறக்கம். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் அலுப்போடு பாதிப்பேர் அதில் இறங்குவார்கள். அங்கே விபத்துக்கு முக்கியக் காரணம் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்துவைக்காது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். டிரம் சூடாகி லைனிங் பிடிப்பை இழக்கும். பயந்து மிதியை மறுபடி மறுபடி மிதித்தால் காற்று இறங்கிக்கொண்டே போகும். இன்ஜினையும் அணைத்துவிட்டால் கம்ப்ரசர் நின்றுவிடும், செலவான காற்று திரும்பவே திரும்பாது. சரியான முறை என்னவென்றால், இறக்கம் தொடங்கும் முன்பே நிறுத்திக் காற்று மீட்டரைப் பார்த்து, டயரைத் தட்டி, அந்த மேட்டை ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவது. நடுவில் கியர் மாற்றக் கூடாது. மாற்றப் போய் கியர் விழாவிட்டால் அதுவும் நியூட்ரல்தான்.

தார்ப்பாய் ஊசி இருப்பது நல்ல விஷயம். ஜவ்வரிசி நனைந்தால் புளித்து மஞ்சளாகிவிடும், பார்ட்டி வாங்க மாட்டான். இரண்டு தார்ப்பாய் போடும்போது பின்னாலதை முதலில் விரித்து, முன்னாலதை அதன்மேல் ஏற்றி மடிக்கணும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று உள்ளே புகுந்து தூக்கும், மழையும் அந்த வாய் வழியாகவே இறங்கும். கயிறு உரசும் மூலைகளில்தான் ஓட்டை விழும். நடை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு தைப்பது வழக்கமில்லை, லோடுக்குக் காத்திருக்கும் ஹால்ட் நாளில்தான் தைப்பார்கள்.

பதில் 4: வடக்கு லைன்

"ஹா 9", 1991 டிசம்பர்: காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவை ஒட்டிக் கர்நாடகத்தில் கலவரம் நடந்த நேரம். தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் அந்தப் பக்கம் நகர முடியவில்லை. அந்த நடை பெங்களூர் வழியாக இருந்தால் காரணம் இதுதான் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். "ஹா 6", 1992 டிசம்பர்: பாபர் மசூதி இடிப்புக்குப் பின் போபால், பம்பாய் உட்படப் பல ஊர்களில் ஊரடங்கு. மலரில் "இந்தக் காலத்தில் இவ்வாறு இருந்தது, நோட்டில் 6 நாள் நின்றதாக இருக்கிறது" என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவர் அங்கே என்ன பார்த்தார் என்று நீங்களாக எழுத வேண்டாம். அந்த வாரம் வந்த இன்லாண்டு இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். 2016 செப்டம்பர் 12இலும் பெங்களூரில் தமிழ்நாட்டு லாரிகள் எரிக்கப்பட்டன. அவர் ஓட்டிய கடைசி வருடம் அது, குடும்பத்தாருக்கு அந்த நாள் நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாதம் கழித்து நவம்பர் 8இல் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாதென்று அறிவித்தபோது, அட்வான்ஸ் முழுக்க ரொக்கமாக வைத்திருந்த டிரைவர்கள் நடுவழியில் செலவுக்குத் திண்டாடினார்கள். அதையும் கேளுங்கள்.

வழி இரண்டு உண்டு. ஒன்று பெங்களூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே, நாசிக், துலே வழி. மற்றது பெங்களூர், ஐதராபாத், நாக்பூர், பேதுல் வழி. எதில் போனார் என்று கடித முத்திரையே காட்டும். முதல் வழியில் சதாராவுக்கும் புனேக்கும் நடுவே கம்பாட்கி மலைப்பாதை, இரண்டாவதில் அதிலாபாத் பக்கம் காடு. ரோட்டுக்குப் பழைய பேர்களையே போடுங்கள். அவர் ஓட்டிய காலம் பெரும்பாலும் அது என்.எச். 7, என்.எச். 4. இப்போதுள்ள 44, 48 எல்லாம் 2010 மறுஎண்ணிடலில் வந்தவை. தங்க நாற்கரச் சாலை வேலை 1999இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பகுதி ஒற்றை ரோடு, எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்க இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி ஏற்றணும்.

மொத்தத் தூரம்: முழுசாக இருக்கிற ஒரு வருட நோட்டை எடுத்து நடைகளை எண்ணுங்கள். 15 நடை என்று வைத்துக்கொண்டால், போக வர 3,400 கிலோமீட்டர், வருடத்துக்கு 51,000. இதை அப்படியே 37ஆல் பெருக்காதீர்கள். முதல் சில வருடம் கிளீனராகவோ உள்ளூர் வண்டியிலோ இருந்திருக்கலாம், உடம்புக்கு முடியாத வருடம் இருக்கும், பிற்காலத்தில் ரோடு நன்றாகி நடை கூடியிருக்கும். குறைந்தது ஐந்து நோட்டில் எண்ணிச் சராசரி எடுங்கள். கணக்கில் 32 வருடம் நின்றால் 16 லட்சம் கிலோமீட்டர் சொச்சம். "சுமார்" என்று போட்டு, எப்படிக் கணக்கிட்டோம் என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள். அரைக்கோடி, ஒரு கோடி என்று போட்டால் விவரம் தெரிந்த எந்த டிரைவரும் அடுத்த பக்கத்தையும் நம்ப மாட்டார்.

உடன் போனவர்களைத் தேடுங்கள். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் என்று 2018 வரை விதியே இருந்தது. நடைமுறையில் இரண்டாவது ஆள் பெரும்பாலும் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த கிளீனர். அவர்களில் பலர் இப்போது டிரைவராகவோ சிறு முதலாளியாகவோ இருப்பார்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதோடு முடிந்துவிடும். "எந்த இடத்தில் உங்களிடம் முதலில் ஸ்டீயரிங்கைக் கொடுத்தார்? இரவில் எத்தனை மணிக்கு நிறுத்துவார்? ரிவர்ஸ் எடுக்கும்போது கட்டை போட எங்கே நிற்கச் சொல்வார்?" என்று கேளுங்கள், ஆள் எழுந்து வந்துவிடுவார்.

பதில் 5: வீட்டுப் பக்கம்

எல்லாரும் ரோட்டையே சொல்லிவிட்டீர்கள். 48 பக்கத்தில் குறைந்தது 20 அந்த அம்மாவுக்குப் போகணும்ங்க. வருடத்துக்கு 15 நடை, ஒவ்வொரு நடைக்கும் நடுவே மூன்று இரவு என்றால் 45 நாள்தான் அவர் வீட்டில். மீதி 320 நாள் அந்த வீட்டை நடத்தியது யார்? ரேஷன், பள்ளிக்கூடம், காய்ச்சல், சீட்டுப் பணம், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மொய், எல்லாம் அவங்கதான்.

அவர் தொடர்ந்து பத்து, இருபது நாள் வீட்டில் இருந்தது பெரும்பாலும் எப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சமயம். அப்போது புது வண்டிக்கு முதல் இரண்டு வருடம் விட்டு, பிறகு வருடாவருடம் எப்.சி. காட்டணும் என்று இருந்தது. அதுக்கு முன்னால் டிங்கர், பெயிண்ட், பாடி வேலை எல்லாம் நடக்கும். டிரைவர் பகலில் பட்டறையில் நின்று வேலை பார்த்து வாங்கிவிட்டு, ராத்திரி வீட்டில் சாப்பிடுவார். அதனால் பிள்ளைகளிடம் "அப்பா வீட்டில் இருந்த நாள் எது நினைவிருக்கு?" என்று கேட்டால் பெயிண்ட் வாசம் நினைவிருக்கு என்பார்கள். வண்டியின் பதிவு மாதம் தெரிந்தால் எப்.சி. மாதமும் தெரியும், நினைவுக்குத் தேதி கிடைத்துவிடும். அது தவிர ஆடி பதினெட்டு, பொங்கல், ஆயுத பூஜை, ஊர் மாரியம்மன் நோம்பி. இதில் எந்த வருடம் எதைத் தவறவிட்டார் என்று நோட்டில் பாருங்க, அதையும் எழுதுங்க.

நடைக்குக் கிளம்பும்போது என்ன கட்டிக் கொடுத்தாங்க என்று அளவோடு கேளுங்க. இரண்டு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் முதல் ஒரு கிலோ அரிசி, 18 நாள் நடைக்கு 13 கிலோவுக்குக் குறையாது. வடக்கே நம் அரிசி கிடைக்காது, கிடைத்தாலும் விலை. கூடவே புளி, வரமிளகாய், சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, நல்லெண்ணெய், ஊறுகாய். பொடிகளை ஈரம் போக வறுத்து அரைக்காவிட்டால் மழைக்கால நடையில் வண்டு வைக்கும், கேபின் சூட்டில் எண்ணெய்ச் சிக்கு வாசம் வரும். அந்த அம்மாவின் பொடி அளவை மலரில் ஒரு பக்கம் அப்படியே போடுங்க.

வழியில் இருந்து என்ன வாங்கிவந்தார் என்று கேளுங்க. ஆரஞ்சு என்றால் நாக்பூர் வழி, அதுவும் பனிக்காலமோ மாசி, பங்குனியோ. போர்வை என்றால் சோலாப்பூரைத் தொட்டிருக்கிறார். வெங்காயம் மூட்டையாக வந்திருந்தால் நாசிக். பிள்ளைகளின் ஞாபகத்தில் இருந்தே வழியைக் கண்டுபிடிக்கலாம்.

செய்தி எப்படி வந்தது என்பது அடுத்தது. எஸ்.டி.டி. பூத் வருவதற்கு முன் வீட்டுக்கு போன் கிடையாது. டிரங்க் கால் லாரி ஆபீசுக்கு வரும், "வண்டி நாக்பூர் தாண்டிடுச்சு" என்று அங்கே இருந்து ஆள் வந்து சொல்வார். அல்லது எதிரே வந்த சங்ககிரி வண்டிக்காரர் பார்த்ததாகச் சொல்வார். இன்லாண்டு எழுதிப் போட்டால் அது வந்து சேர்வதற்குள் அவரே வந்து சேர்ந்துவிடுவதும் உண்டு. முத்திரைத் தேதியையும் நடை முடிந்த தேதியையும் பக்கத்தில் போட்டுப் பாருங்க, அப்படி எத்தனை கடிதம் என்று தெரியும். கடிதத்தை அச்சிடும் முன் அந்த அம்மாவிடம் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி அனுமதி வாங்குங்க. அவங்க வேண்டாம் என்கிற வரியைக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்க.

மலர்க்குழு:

படித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினோம். 1993இல் ஒரு பக்கத்தில் "ஹா 4. தா. தை" என்று இருக்கிறது, இதுவரை புரியாமல் விட்டது. தார்ப்பாய் தைத்தது என்று இப்போது எடுத்துக்கொள்கிறோம், சரிதானே? பொருட்களைப் படம் எடுக்கும்போதும், அச்சுக்கு அனுப்பும் முன்பும் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில் 6: காகிதமும் படமும்

"தா. தை" சரியாகத்தான் தெரிகிறது. அதே பக்கத்தில் நூல், மெழுகு என்று சில்லறைச் செலவு ஏதும் இருந்தால் உறுதி.

லைசென்ஸ் பக்கத்தை அச்சிடும்போது எண், கையொப்பம், கைரேகை மூன்றையும் மறைத்துவிடுங்கள், தேதி முத்திரை மட்டும் தெரிந்தால் போதும். கடிதங்களில் வரும் மற்றவர்களின் முகவரியும் அப்படியே. முதலாளி, பார்ட்டி பேர்கள் கணக்கில் வந்தால் முதல் எழுத்தோடு விடுங்கள்.

பொருட்களை ஜன்னல் வெளிச்சத்தில், பழைய தார்ப்பாய்த் துண்டு கிடைத்தால் அதன்மேல் வைத்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். எடுக்கும் முன் துடைக்காதீர்கள். ஸ்டவ்வில் கரியும் லிவரில் கிரீசும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஸ்கேல் வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குக் கட்டாயம் வேண்டும். கோணி ஊசியும் தார்ப்பாய் ஊசியும் படத்தில் ஒரே மாதிரி தெரியும், நீளமும் நுனி வளைவும்தான் வித்தியாசம் காட்டும்.